டி-100 எல்டியா, இபிஆரா, ஏஎம்எக்ஸா? லைட் டேங்க் எடுக்கப்போகிறவர்களுக்கு

வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் என்ற ஆன்லைன் டேங்க் போர் விளையாட்டில் லைட் டேங்க் (எதிரியைக் கண்டுபிடித்து அணிக்குக் காட்டிக்கொடுக்கும் வேக வண்டி) ஓட்டிச் சரியாக வரவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போன மேட்சில் எத்தனையாவது நிமிடத்தில் செத்தாய்? பதில் பெரும்பாலும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்றுதான் வரும். பதினைந்து நிமிட ஆட்டத்தில் ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டு மிச்ச நேரத்தை கேரேஜில் உட்கார்ந்து அடுத்தவனைத் திட்டினால் எந்த டேங்கும் நல்ல டேங்காக இருக்காது. ஆனால் எந்த டேங்க் உன்னைச் சீக்கிரம் சாகத் தூண்டும், எது உன்னைக் கொஞ்சம் பொறுமையாக இருக்க வைக்கும் என்பதில் நிறையவே வித்தியாசம் உண்டு. அதனால்தான் இந்த ஒப்பீடு.

மூன்றை எடுத்துக்கொள்கிறேன். சோவியத் டி-100 எல்டி, பிரெஞ்சு ஏஎம்எக்ஸ் 13 105, அதே பிரான்ஸின் சக்கர வண்டி இபிஆர் 105. மூன்றும் பத்தாம் டயர் (tier, அதாவது படிநிலை). முதல் இரண்டும் 2017-ல் 9.18 அப்டேட்டில் வந்தவை, அதற்கு முன் பத்தாம் டயரில் லைட் டேங்கே கிடையாது. இபிஆர் 2019 தொடக்கத்தில் 1.4-ல் வந்து எல்லோரையும் கடுப்பேற்றியது. மேன்டிகோர், ஷெரிடன் என்ற மற்ற லைட் டேங்குகள் எல்லாம் எங்கே என்று கேட்பீர்கள், அவற்றைப் பின்னால் இரண்டு வரியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கணக்கு. இது புரியாமல் லைட் டேங்க் வாங்குவது பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பைக் வாங்குவது மாதிரி. ஆட்டத்தில் யாரையும் 445 மீட்டருக்கு அப்பால் உன் டேங்கால் ஸ்பாட் செய்ய (கண்டுபிடித்து அணிக்குக் காட்ட) முடியாது, அதுதான் உச்சம். 50 மீட்டருக்குள் வந்துவிட்டால் நடுவில் மலையே இருந்தாலும் இருவரும் தெரிந்துவிடுவீர்கள். இந்த இரண்டுக்கும் இடையில் நடப்பதெல்லாம் எதிரியின் கேமோவை (மறைந்திருக்கும் திறனை)ப் பொறுத்தது. பார்வைத் தூரத்திலிருந்து 50-ஐக் கழித்து, அதைக் கேமோ சதவீதத்தால் பெருக்கி, வருவதைப் பார்வைத் தூரத்திலிருந்து கழிக்க வேண்டும். எதிரியின் பார்வை 445, உன் கேமோ 40 சதவீதம் என்று வை. 395-ல் 40 சதவீதம் 158. ஆக அவன் உன்னை 287 மீட்டருக்குள் வந்தால்தான் பார்ப்பான். எதிரே நிற்கும் ஹெவிக்கு (கனமான டேங்குக்கு) கேமோ 5 சதவீதம்தான், உன் பார்வையும் 445 என்றால் உனக்கு அவன் 425 மீட்டரிலேயே தெரிந்துவிடுவான். 287-க்கும் 425-க்கும் நடுவில் கிட்டத்தட்ட 140 மீட்டர் இடைவெளி. அதில் நிற்கும்வரை நீ அவனைப் பார்க்கிறாய், அவனுக்கு நீ இல்லை. லைட் டேங்க்காரனின் பிழைப்பே அந்த 140 மீட்டரில்தான் இருக்கிறது. புதருக்குள் போனால் இந்த இடைவெளி இன்னும் அகலமாகும்.

இன்னொன்று, மற்ற வகை டேங்குகள் ஓடும்போது கேமோவை இழக்கும், லைட் டேங்க் இழக்காது. நின்றாலும் ஓடினாலும் அதே மறைவு. சுட்டால் மட்டும் போய்விடும்.

சரி, டி-100 எல்டி. மூன்றில் இதுதான் என் செல்லம் என்பதை மறைக்கப்போவதில்லை. தட்டையாக, தரையோடு ஒட்டிய உருவம், கேமோ அருமை, வேகமும் போதுமானது. குறை என்றால் பீரங்கி. குறி கூடி வர நேரம் பிடிக்கும், ஒரு குண்டுக்கான அடியும் மற்றவற்றைவிடக் குறைவு, அதைவிடக் கொடுமை பீரங்கி கீழே குனியாது. மேட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் இருப்பவனைச் சுடலாம் என்று போனால் பீரங்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீ முழு உடம்பையும் காட்டிக்கொண்டு நிற்பாய். முதல் வாரம் நான் இதைச் சபித்த சாபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் குறைதான் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறது. சுட்டுப் பெரிதாகக் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் விரல் அடங்கிவிடும். புரோகோரோவ்கா மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவெளியில் இருக்கும் அந்தப் புதர்கள் எல்லோருக்கும் தெரியும், போருக்கு முந்தைய கவுன்ட்டவுனிலேயே மேப்பில் அங்கே நாலு பேர் க்ளிக் செய்துகொண்டிருப்பார்கள். ஒருநாள் டி-100-ல் அங்கே போய் நின்றேன். மூன்று நொடி அசையாமல் இருந்ததும் பார்வைத் தூரத்தைக் கூட்டும் பைனாகுலர் வேலை செய்ய ஆரம்பித்தது (டரட்டைத் திருப்பலாம், பைனாகுலர் நிற்காது, உடம்பை ஒரு இஞ்ச் அசைத்தாலும் மறுபடி மூன்று நொடி). ரயில் பாதை மேட்டைத் தாண்ட வந்த இரண்டு மீடியம் டேங்க் தெரிந்தது. என் பீரங்கிக்கு நேர் எதிரே ஒருவன் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு போகிறான். சுடவில்லை. டீம் சாட்டில் ஒருவர் என் குடும்பத்தை நலம் விசாரித்துக்கொண்டிருந்தார், ஏன் சுடவில்லை என்று. அப்போதும் சுடவில்லை. பின்னால் இருந்த டிடிகள் (டேங்க் டிஸ்ட்ராயர்கள்) இருவரையும் முடித்தார்கள். ஏறக்குறைய நாலு நிமிடம் ஒரு குண்டுகூடச் சுடாமல் அங்கேயே இருந்தேன். அந்த மேட்சில் டீமில் அதிக எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) எனக்குத்தான் வந்தது, ஏனென்றால் நீ ஸ்பாட் செய்ததில் மற்றவர்கள் அடிக்கும் அடியிலும் உனக்குப் பங்கு உண்டு.

சுட்டே ஆகவேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, 15 மீட்டர் விதி. புதரோடு ஒட்டி நின்று சுட்டால் அந்தப் புதரின் மறைவு பெரும்பாலும் காலி. அதுவே 15 மீட்டருக்கு மேல் பின்னால் போய்ச் சுட்டால் புதர் முழுசாக மறைக்கும். அளவெல்லாம் எடுக்க வேண்டாம், மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். கண்ணாடி மாதிரி தெரிந்த புதர் சட்டென்று பச்சையாக, அடர்த்தியாக மாறும். அந்த நொடி நிறுத்து. இப்போது உனக்கும் எதிரில் ஒன்றும் தெரியாது, ஆனால் டீமில் வேறு யாராவது எதிரியை ஸ்பாட் செய்துகொண்டிருந்தால் அவன் உருவக்கோடு தெரியும், அதைப் பார்த்துச் சுடலாம். டி-100-ல் இந்த முன்னே பின்னே ஆட்டம் கை வந்துவிட்டால் வேறெந்த லைட் டேங்கிலும் வரும்.

இப்போது இபிஆர். இதைப் பற்றி நடுநிலையாக எழுத முயற்சி செய்கிறேன், உத்தரவாதம் இல்லை. நிஜத்தில் இது பான்ஹார்ட் நிறுவனம் 1950-களில் செய்த எட்டுச் சக்கர வேவு வண்டி. நடுவில் இருக்கும் நாலு சக்கரம் இரும்பு, சாலையில் போகும்போது மேலே தூக்கிக்கொள்ளும், சேற்றில் இறங்கினால் கீழே இறக்கிக்கொள்ளும். முன்னால் ஒரு டிரைவர், பின்னால் ஒரு டிரைவர், ஆபத்து என்றால் திருப்பாமலேயே அப்படியே பின்பக்கமாக ஓடிவிடலாம் என்று. ஆட்டத்திலும் அந்தச் சக்கரம் தூக்கும் விஷயத்தை வைத்திருக்கிறார்கள், வேகத்துக்கு ஒரு மோட், திரும்புவதற்கு ஒரு மோட். வேக மோடில் மணிக்கு 90 கிலோமீட்டர் அளவுக்குப் பறக்கும். பறக்கும் என்றால் சில இடங்களில் நிஜமாகவே தரையில் இருக்காது.

இதில் கிடைக்கும் போதை தனி. மாலினோவ்கா மேப்பில் ஆட்டம் தொடங்கியதும் நடுவயலில் ஒரு வளைவு வளைந்து எதிரணி முழுவதையும் காட்டிக்கொடுத்துவிட்டு உயிரோடு திரும்பி வந்தால் உடம்பெல்லாம் சிலிர்க்கும். ட்ராக் கிடையாது, அதனால் ட்ராக் அறுந்து நடுவழியில் நிற்கும் அவமானமும் கிடையாது, சக்கரத்தில் அடிபட்டால் வேகம் குறையுமே தவிர ஓட்டம் நிற்காது. போதாததற்கு, சக்கர வண்டிகளுக்கு ஆட்டோ எய்ம் வேறு தாராளம், குறி சரியாக எதிரி மேல் இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருந்தாலே பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஏன் நான் வேண்டாம் என்கிறேன்? பார்வைத் தூரம். மூன்றில் மிகக் குறைவு இதற்குத்தான். மேலே சொன்ன 140 மீட்டர் கணக்கு இங்கே சுருங்கிப்போகிறது. புதரில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இது லாயக்கில்லை, கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும், கிட்டே போனால் நீயும் தெரிவாய், தெரிந்தால் ஓட வேண்டும். ஓடும்போது ஒரு சின்னக் கல், ஒரு பாதி உடைந்த சுவர், ஒரு நொடிப் பிங் (இணையத் தாமதம்) எகிறல், முடிந்தது கதை. ஆசிய சர்வரில் வீட்டு வைஃபையில் ஆடுகிறவன் நான். மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில் ஆளுக்கொரு போனில் வீடியோ ஓடும் நேரத்தில் இபிஆரை எடுப்பதே இல்லை. ஒருமுறை ஹிம்மல்ஸ்டார்ஃப் மேப்பில் பிங் எகிறி, நான் தெருவில் திரும்பிவிட்டதாக என் திரை சொன்னது, சர்வரோ நான் நேரே போய்ச் சுவரில் மோதி ஒரு ஹெவியின் மூக்குக்கு முன் நிற்பதாகச் சொன்னது. சர்வர் சொன்னதுதான் நடந்தது.

இன்னொரு சங்கடம், நல்ல இபிஆர் ஓட்டுநர் கையில் இது பயங்கரமான ஆயுதம் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஓட்டுநர் முன்பே மேப்பின் ஒவ்வொரு பள்ளத்தையும் மனப்பாடம் செய்தவர். புதிதாக வருகிறவன் இபிஆரில் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று, ஆரம்பத்தில் ஒரு பாய்ச்சல். அது பலித்தால் சந்தோஷம், பலிக்காவிட்டால் அடுத்த மேட்ச். கடைசி மூன்று நிமிடத்தில் நாலுக்கு நாலு என்று நிற்கும்போது டீமுக்குக் கண் தேவைப்படும், அப்போது அந்தக் கண் கேரேஜில் இருக்கும்.

ஏஎம்எக்ஸ் 13 105 கதை வேறு. இதன் மூதாதை ஏஎம்எக்ஸ்-13 நம் நாட்டு ராணுவத்திலும் இருந்தது, 1965-ல் சம்ப் பகுதியில் பாகிஸ்தானின் பேட்டன் டேங்குகளை எதிர்த்து நின்றது இந்தக் குட்டிதான். டரட்டே இரண்டு துண்டு, மேல் துண்டு பீரங்கியோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும், அதனால்தான் இத்தனை சின்ன வண்டிக்குள் ஆட்டோலோடரை (தானாகவே குண்டேற்றும் பொறியை) வைக்க முடிந்தது. ஆட்டத்தில் ஒரு கிளிப்புக்கு மூன்று குண்டு, ஒவ்வொன்றும் சராசரியாக 390. மூன்றும் பட்டால் 1170. பாதி ரத்தத்தில் இருக்கும் பெரும்பாலான டேங்குகளுக்கு அது மரண ஓலை.

மூன்றையும் சுட்டு முடித்தபின் அடுத்த கிளிப் ஏற 20 நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் நீ பல் இல்லாத பாம்பு. ஒளிய இடம் பார்த்து வைக்காமல் கிளிப்பைக் காலி செய்கிறவன் இந்த டேங்கில் தேற மாட்டான். என் பழக்கம் இது: சுடுவதற்கு முன் தப்பிக்கும் வழியைப் பார்ப்பேன், அது தெரியவில்லை என்றால் முதல் குண்டையே சுட மாட்டேன். முதல் பாதியில் இதை டி-100 மாதிரியே ஓட்ட வேண்டும், புதர், பொறுமை, ஸ்பாட். இரண்டாம் பாதியில் எதிரணி சிதறிய பிறகு தனியாக நிற்கும் டிடி, ரீலோடில் இருக்கும் ஹெவி, மூலையில் ஒளிந்திருக்கும் ஆர்ட்டி (ஆர்ட்டிலரி) என்று ஒவ்வொன்றாகப் போய் வேட்டையாடலாம். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மூன்றில் இதைவிட நல்லது இல்லை, டி-100-ஐ எவ்வளவு நேசித்தாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டி-100-ல் எதிரியைக் கண்டுபிடித்துவிட்டு முடிக்க முடியாமல் வட்டமடித்த மேட்சுகள் எனக்கு நிறைய உண்டு.

மேன்டிகோர்? புதரில் உட்காரும் வேலைக்கு அபாரம், அடி வாங்கும் வேலைக்குச் சுத்தமாக ஆகாது, தும்மினால் செத்துவிடும். டி-100 பழகியபின் எடுங்கள். ஷெரிடன் அந்த 152 மில்லிமீட்டர் பீரங்கிக்காக வாங்கப்படும் டேங்க். அதை மாட்டியதும் ஸ்பாட் செய்ய வேண்டும் என்ற எண்ணமே மனிதனுக்கு வராது, வேடிக்கைக்கு ஓகே.

உபகரணம் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. டி-100-க்கும் ஏஎம்எக்ஸுக்கும் பார்வைத் தூரத்தைக் கூட்டும் ஆப்டிக்ஸ் கட்டாயம், எக்ஸாஸ்ட் சிஸ்டம் போட்டால் ஓடும்போதும் கேமோ ஏறும், மூன்றாவதைப் புதரில் அதிகம் உட்காருகிறவர்கள் பைனாகுலராக்கிக்கொள்ளலாம். இபிஆருக்கு பைனாகுலர் போடுகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை, பார்த்தால் கை குலுக்குவேன்.

ஒரே ஒரு டேங்க் வரிசையை டயர் டயராக ஏறத்தான் நேரம் இருக்கிறது என்றால் எம்டி-25-லிருந்து எல்டிஜி, எல்டிடிபி, டி-54 லைட்வெயிட் வழியாக டி-100-க்கு ஏறுங்கள். எல்டிடிபி எட்டாம் டயரிலேயே நன்றாக விளையாடும், அங்கேயே நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை. பிரெஞ்சு வரிசையில் ஏஎம்எக்ஸ் 13 75, 13 90 எல்லாமே கிளிப் வண்டிகள்தான், ஒவ்வொரு டயரிலும் அந்த நீண்ட ரீலோடைச் சகித்துக்கொண்டு ஏற வேண்டும், அதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும். இபிஆர் வரிசைக்குப் போயே தீருவேன் என்கிறவரைத் தடுக்க முடியாது, தெரியும். என் மச்சானையே தடுக்க முடியவில்லை. அவன் இப்போது இபிஆர் 90-ல் இருக்கிறான், நேற்று ராத்திரி நாங்கள் இருவரும் பிளட்டூன் போட்டு ஆடியபோது முதல் ஐம்பது நொடியில் செத்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்க ஹெட்போனில் என்னிடம், மாமா, அந்தப் புதரை விட்டு வெளியே வாங்க, வெளியே வாங்க என்று கத்திக்கொண்டிருந்தான்.