மிஸ் ஃபிஷரின் கவுனும் கைத்துப்பாக்கியும்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள் நான். அதனால் 'மிஸ் ஃபிஷர்ஸ் மர்டர் மிஸ்டரிஸ்' என்ற துப்பறியும் தொடரில் பிணத்துக்கு முன்னால் தையல்தான் கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவின் ஏபிசி டிவியில் 2012 முதல் 2015 வரை மூன்று சீசன் வந்தது. மொத்தம் 34 எபிசோடு. கதை நடப்பது 1920-களின் கடைசியில், மெல்போர்னில்.

அந்தக் காலத்து கவுனில் இடுப்புத் தையல் இடுப்பில் இருக்காது, கீழே இறங்கியிருக்கும். பிடித்து இழுத்துத் தைப்பது கிடையாது. துணி தானாக விழுகிற விதம்தான் அழகு. உடைகளை வடிவமைத்த மரியன் பாய்ஸுக்கு அது அத்துப்படி. மணி வேலை செய்த கவுன் கனத்தில் தொங்கிப் போகாமல் நிற்க லைனிங் எப்படிக் கொடுத்தார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "யம்மா, கொலைகாரன் ஓடறான், பார்க்க விடு" என்று மகள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

துப்பறியும் நாயகி ஃப்ரைனி ஃபிஷர் பிறவிப் பணக்காரி இல்லை. காலிங்வுட் என்ற ஏழைப் பேட்டையில் வளர்ந்தவள். முதல் உலகப் போரில் மற்ற வாரிசுகள் செத்துப்போக, அப்பாவுக்குப் பட்டமும் சொத்தும் வந்தன. காரைத் தானே ஓட்டுகிறாள், கைத்துப்பாக்கி வைத்திருக்கிறாள், மனசுக்குப் பிடித்தவனோடு பழகுகிறாள், கல்யாணம் வேண்டாம் என்கிறாள். அதற்காகக் கதை அவளைத் தண்டிக்கவில்லை, கடைசியில் திருத்தவும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். என்னிடம் அளவு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர், "கை நீளம் மாமியாரைக் கேட்டுச் சொல்றேன்க்கா" என்கிறவர்கள். ஃப்ரைனியாக வரும் எஸ்ஸி டேவிஸ் இதில் நடிக்கும்போது 40 வயதைத் தாண்டியவர். நம்ம ஊரில் அந்த வயதுக்கு அம்மா வேஷம்தான் கொடுப்பார்கள்.

ஃப்ரைனி வீட்டில் பணிப்பெண்ணாக வந்து சேரும் டாட், டெலிபோன் மணி அடித்தாலே நடுங்குகிறவள். போகப்போக அவளே துப்பறிய ஆரம்பிக்கிறாள். டாக்ஸி ஓட்டும் பெர்ட், செஸ் இரண்டு பேரும் செங்கொடிக்காரர்கள். ஹார்பரில் லோடு தூக்கிய என் மாமனார் பெர்ட் பேசுவதைப் பார்த்துவிட்டு, "இவன் நம்ம யூனியன் ஆளாட்டம் இருக்கான்" என்றார். விக்டோரியா துறைமுகத்தில் நடக்கும் கொலை எபிசோடை அவருக்காகவே மறுபடி போட்டோம்.

கொலை முடிச்சுகள் சுமார் ரகம். பாதியிலேயே ஆளைச் சொல்லிவிடலாம். இன்ஸ்பெக்டர் ஜாக் ராபின்சன் மட்டும் தனக்கு வேறு வேலையே இல்லாத மாதிரி அவள் பின்னால் நிற்கிறார். ஆனாலும் அந்த இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளும் பார்வைக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது சீசனில் ஃப்ரைனியின் அப்பா வந்ததும் கொஞ்சம் இழுவை. இந்தத் தொடரை வைத்து 2020-இல் வந்த சினிமாவை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். மெல்போர்னை விட்டு பாலஸ்தீனப் பாலைவனத்துக்குப் போய்விட்டார்கள். முதல் சீசனிலிருந்தே பாருங்கள். அவள் போடும் அகலக் கால் வெள்ளை பேன்ட் மாதிரி ஒன்று எனக்கே தைத்துக்கொள்ள எம்.சி. ரோட்டில் துணி தேடிக்கொண்டிருக்கிறேன்.