ஐமேக்கின் முதுகில் ஒரு சின்னக் கதவு

திரைக்குள்ளேயே கணினி முழுவதையும் அடக்கிய ஆப்பிளின் மேசைக்கணினிதான் ஐமேக். அதில் புதியது வரப்போகிறது என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. ஆசைப் பட்டியலும் பழையதுதான். இன்னும் மெலிதாகுமாம், திரையைச் சுற்றியுள்ள கரை குறுகுமாம், ஓஎல்இடி வகைத் திரை வருமாம், புது நிறங்கள் வருமாம், 27 அங்குலத்தைவிடப் பெரிதாக ஒன்று வருமாம். கற்பனைப் படம் வரைந்து போடுகிறவர்கள் எல்லோரும் முன்பக்கத்தையே வரைகிறார்கள். ஒருவராவது அதைத் திருப்பி வைத்து முதுகை வரைந்து நான் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியதோ முதுகில் இருக்கிறது.

நான் வைத்திருப்பது 2019இல் வந்த 27 அங்குல மாடல். செங்கோட்டையில் கல்யாண ஆல்பம், அழைப்பிதழ், பிளக்ஸ் என்று வடிவமைப்பு வேலை. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க்காரர்கள். 1956 நவம்பர் வரை இந்த ஊரே திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சிக் கணக்கில்தான் இருந்தது. அதனால் பெண் இங்கே, மாப்பிள்ளை அங்கே என்பது எங்களுக்குச் சாதாரணம். அழைப்பிதழின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். சிப், வேகம் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. இந்தக் கணினியில் என்னை மயக்கியது ஒரு கதவு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கடையில் வாங்கும்போது 8 ஜிபி மெமரியோடு வந்தது. 27 அங்குல ஐமேக்கில் மெமரிக்கு நான்கு இடங்கள் உண்டு. இரண்டில் 4 ஜிபி அட்டைகள் இருக்கும், இரண்டு காலி. அந்தக் காலி இடங்களுக்குப் போகும் வழிதான் முதுகுக் கதவு. மேசைமேல் ஒரு வேட்டியை நான்காக மடித்து விரித்து, கணினியை அதில் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கினால் அது செருகியிருந்த பள்ளத்துக்குள் ஒரு சிறிய பொத்தான் தெரியும். கம்பி மாட்டியிருக்கும்வரை விரல் அங்கே போகவே முடியாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் திறந்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர் யாரென்று தெரியாது, நன்றாக இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் கதவு மெல்ல எழும்பும். அதன் உட்பக்கத்திலேயே எப்படி மாட்டுவது என்று படம் போட்டிருக்கிறது. இரு ஓரங்களிலும் உள்ள நெம்புகோல்களை வெளிப்பக்கம் தள்ளி நம்மை நோக்கி இழுத்தால் நான்கு இடங்களும் சேர்ந்து நிமிர்ந்து வரும். இரண்டு 16 ஜிபி அட்டைகளைச் செருகி, நெம்புகோல்களைப் பழையபடி தள்ளி, கதவைச் சாத்தினேன். திருகாணி என்ற பேச்சே இல்லை. ஒரு டீ ஆறும் நேரத்தில் 8 ஜிபி, 40 ஜிபி ஆகிவிட்டது. முதல்முறை உயிர்ப்பிக்கும்போது மட்டும் திரை அரை நிமிடம் கறுப்பாகவே இருக்கும். வழிகாட்டியிலேயே அப்படி எழுதியிருந்தாலும், அந்த அரை நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டதை மறைப்பானேன்.

40 ஜிபி எதற்கு என்று கேட்பவர்கள் ஆல்பம் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். 12க்கு 36 அங்குலத் தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் திறந்தால் அகலம் 10,800 பிக்சல், உயரம் 3,600. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களில் ஒன்றுக்கே நூறு எம்பிக்கு மேல் போகிறது. அதில் மணமக்கள் படம், பின்னணி, மாலையின் நிழல், அத்தையின் முகத்தை மட்டும் வெளுப்பாக்க ஒன்று, பிறகு அதை மாமா வந்து வேண்டாம் என்று சொன்னதும் இன்னொன்று. ஆவணி முகூர்த்தத்துக்கு இப்படிப் பத்துத் தாள்கள் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும்.

இவ்வளவு நல்ல கதவை வைத்த அதே கைகள்தான் முன்பக்கத்தைப் பசை வைத்து ஒட்டியிருக்கின்றன. சென்ற மாதம் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் ஓய்ந்துவிட்டது. நாள் முழுக்கச் சுழன்ற தட்டு, அதன் ஆயுள் அவ்வளவுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். கோபமெல்லாம் அதற்குப் போகும் வழியைப் பார்த்தபோது வந்தது. 2011 மாடல் வரைக்கும் ஐமேக்கின் முன் கண்ணாடி காந்தத்தில்தான் நின்றது. சக்ஷன் கப் இரண்டை ஒட்டி இழுத்தால் கையோடு வரும். 2012இல் விளிம்பை 5 மில்லிமீட்டராக மெலிய வைத்தார்கள். அன்றைக்கே கண்ணாடியையும் திரையையும் ஒன்றாக்கி, உடலோடு பசைப்பட்டையால் ஒட்டியும் விட்டார்கள். இப்போது டிஸ்கை மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பசையைச் சுற்றிவர அறுக்க வேண்டும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. தீபாவளிக்குச் சோமாஸ் ஓரம் வெட்டும் சக்கரக் கரண்டி மாதிரியேதான் இருக்கும்.

தென்காசிவரை கேட்டுப் பார்த்தேன். கண்ணாடியை அறுக்க யாரும் கை நீட்டவில்லை. கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒருவர் செய்வார் என்று தெரிந்து, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று ஒன்பது கிலோ கணினியைக் காரின் பின்இருக்கையில் மடியில் கிடத்திக்கொண்டு போனேன். அந்தச் சாலையின் வளைவுகள் பற்றித் தெரிந்தவர்களுக்கு என் முழங்கால்கள் பட்ட பாடு புரியும். அவர் கெட்டிக்காரர். சக்கரத்தை ஓட்டி முடித்து, திரையை ஒரு கை அகலம் மட்டும் சாய்த்து, உள்ளே கைவிட்டு இரண்டு மெல்லிய கேபிள்களைக் கழற்றினார். இன்னும் கொஞ்சம் சாய்த்திருந்தால் அவை கிழியும், திரை கதை முடியும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பட்டை ஒட்டி, டிஸ்குக்குப் பதில் சுழலும் தட்டே இல்லாத ஒரு எஸ்எஸ்டி வைத்து மூடுவதற்குள் மதியம் கழிந்துவிட்டது. முதுகில் ஐந்து நிமிட வேலை, முகத்தில் அரைநாள் அறுவை சிகிச்சை. இரண்டும் ஒரே கணினி.

ஆகவே வரப்போகிற மாடலைப் பற்றி என் ஆசையும் இதுதான்: திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இது ஒன்றும் ஆகாசக் கோட்டை இல்லை. 2004இல் வந்த ஐமேக் ஜி5 மாடலில் அடியில் மூன்று திருகாணிகளைத் தளர்த்தினால் முதுகு முழுவதும் தனியாக வந்துவிடும். உள்ளே பாகங்களை வீட்டிலேயே மாற்றலாம். திரையின் உயரத்தை மாற்றும் வசதி கேட்டால் இன்று ஏதோ ஆடம்பரம் மாதிரிப் பார்க்கிறார்கள். 2002இல் வந்த ஜி4 மாடலில் அரைக்கோள அடிப்பகுதியிலிருந்து ஒரு எஃகுக் கை நீண்டு, திரையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் விருப்பப்படி நிறுத்தியது. இன்றைய நிலைக்காலோ முன்னும் பின்னும் சாய்வதோடு சரி. என்னுடையதற்கு அடியில் ஒரு கல்யாண ஆல்பம் இருக்கிறது. பணம் கொடுக்க வேண்டியது பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்பது முடிவாகாததால் யாரும் வாங்கிப் போகாத ஆல்பம். அளவு கச்சிதம்.

மெலிவு, மெலிவு என்று போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். 2021இல் வந்த 24 அங்குல ஐமேக்கின் தடிமன் 11.5 மில்லிமீட்டர். ஹெட்போன் முனையின் நீளம் அதைவிட அதிகம், 14 மில்லிமீட்டர். பின்னால் துளை வைத்தால் திரையைக் குத்தும் என்பதால் பக்கவாட்டில் வைத்தார்கள். மேசைமேல் சுவரைப் பார்த்து நிற்கிற பெட்டி ஒல்லியாக இருந்து யாருக்கு என்ன லாபம்? வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து பார்ப்பது திரையை. பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்து ‘ஆஹா’ என்று சொன்ன மாப்பிள்ளை இதுவரை வரவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 24 அங்குல மாடலில் மின்சாரப் பெட்டியை உடலிலிருந்து வெளியே எடுத்து அடாப்டராக்கியது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய உபகாரம். ஐப்பசி இடிக்கு இங்கே எத்தனை மின்கருவிகள் போயிருக்கின்றன என்று எந்த எலெக்ட்ரீஷியனையும் கேட்கலாம். என்னுடையதில் அது உள்ளேதான் இருக்கிறது. போனால் மறுபடியும் சோமாஸ் கரண்டிதான். அடாப்டர் போனால் அடாப்டரை மட்டும் மாற்றலாம். நெட்வொர்க் கம்பியையும் அடாப்டரிலேயே செருகுமாறு வைத்தது அழகான யோசனை. சாரல் காலத்தில் கணவாய்க் காற்று கடைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் ஈரமாக்கும்போதும் மேசைமேல் ஒரே ஒரு கம்பி என்பது நிம்மதிதான்.

புதிய ஐமேக்குகளில் மெமரிக் கதவு போனதற்கும் காரணம் இருக்கிறது, வெறும் பேராசை என்று சொல்ல முடியாது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் மெமரி தனி அட்டையில் இல்லை. சிப்பின் கூடவே ஒரே பொதியில் இருக்கிறது. பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே மெமரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நெருக்கமாக இருப்பதால்தான் அந்த வேகம். கதவு வைத்தாலும் உள்ளே கழற்ற ஒன்றும் இருக்காது. அப்படியானால் கழற்றவே வழியில்லையா என்றால், எல்பிகேம்2 என்ற புது வகை அட்டை வந்திருக்கிறது. இதுவரை பலகையில் ஒட்டியே வந்த லேப்டாப் மெமரியைத் திருகாணி போட்டுக் கழற்றக்கூடிய அட்டையாக்கியிருக்கிறார்கள். 2024 முதல் சில லேப்டாப்களில் அது வருகிறது. மடியில் வைக்கிற கருவியில் இடம் இருக்கிறது, மேசையில் நிற்கிறதில் இல்லை என்றால் எப்படி நம்புவது? மெமரியைத்தான் விடுங்கள், எஸ்எஸ்டிக்காவது ஒரு கதவு வைக்கலாமே. நாள்பட உழைத்துத் தேய்கிற பாகம் அதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2024இல் வந்த எம்4 ஐமேக் 16 ஜிபியில் தொடங்குகிறது. அது நல்ல மாற்றம், மறுப்பதற்கில்லை. அது வந்தபோது, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படிக்கும் இந்தியாவில் 20,000 ரூபாய். உச்சம் 32 ஜிபி. என்னுடைய பழைய பெட்டியில் இருப்பதைவிட 8 ஜிபி குறைவு! புதிய சிப் குறைந்த மெமரியிலேயே சாமர்த்தியமாக ஓடும் என்பது உண்மை. நண்பர் ஒருவரின் கடையில் ஓட்டிப் பார்த்தேன், என் கணினி அதன் தூசிகூடத் தொடாது. இருந்தாலும் 40ஐ 32 ஆக்க லட்ச ரூபாய்க்கு மேல் எண்ணி வைக்க மனம் ஒப்பவில்லை.

திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 5,120க்கு 2,880 பிக்சல். மலையாளக் கூட்டெழுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு அடுக்கியிருக்கும்போது எந்தச் சுழி எங்கே முடிகிறது என்று பெரிதாக்காமலே தெரிகிறது. அழைப்பிதழில் மணமகனின் தாத்தா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அச்சகத்துக்குப் போகும் முன்பே கண்ணில் படும். எனக்கு மலையாளம் தட்டுத் தடுமாறித்தான் படிக்க வரும், ஆனாலும் பிழை தெரிகிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இந்தத் திரையில் மங்கல் இல்லை. ஆனால் கணினி சாகும் நாளில் திரையும் கூடவே சாகும். 2009 முதல் 2014 நடுப்பகுதிவரை வந்த பல ஐமேக்குகளை, ஒரு கேபிள் மாட்டி வேறு கணினிக்குத் திரையாகப் பயன்படுத்தலாம். என்னுடையது போன்ற 5கே திரை வந்ததும் அந்த வசதி போனது. புதிய மாடலில் இதை மட்டுமாவது திருப்பித் தந்தால் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன்.

புனலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். “அண்ணாச்சி, பழைய 27 அங்குலம் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. உங்களுடையது மாதிரியே. எடுத்துவிடட்டுமா, புதியது வரும்வரை காத்திருக்கட்டுமா?”

இரண்டும் வேண்டாம் என்றேன். இவ்வளவு நேரம் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே விசித்திரமாக இருந்தது. ஆனால் 2019 மாடலுக்கு, ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் சிகோயா பதிப்போடு கதவு சாத்தியாகிவிட்டது; 2025இல் வந்த அடுத்த பதிப்பான டாஹோ இதில் ஏறாது, இன்டெல் சிப்புள்ள பழைய மேக்குகளுக்கே டாஹோதான் கடைசி. காத்திருப்பதும் பலனில்லை. 27 அங்குல ஐமேக்கின் விற்பனை 2022 மார்ச்சில் நின்றது. 2023 நவம்பரில், அந்த அளவில் மறுபடி கொண்டுவரும் திட்டம் இல்லை என்று நிறுவனமே சொல்லிவிட்டது. அதைவிடப் பெரியது வரும் என்பதெல்லாம் ஆசைப்படுகிறவர்கள் அந்த வாக்கியத்தின் இடுக்கில் கண்டுபிடித்த வெளிச்சம். “மேக் மினி எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, திரை இல்லாத சின்னப் பெட்டி அது, நல்ல திரையைத் தனியாக வாங்குங்கள். ஒன்று போனால் ஒன்று மிஞ்சும். பவர் பொத்தான் அடியில் இருக்கிறது, தடவிப் பார்த்தால் கிடைத்துவிடும்.”

“அப்படியானால் நீங்களும் மினிதானே?”

இல்லை. 32 அங்குல ஐமேக் ஒன்று வந்தால் கதவு இல்லாவிட்டாலும் வாங்குவேன், கடைவாசலில் நின்று திட்டிக்கொண்டே வாங்குவேன். வாங்கும்போதே மெமரியை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். அந்த 20,000 ரூபாய்ப் படிகளுக்கான பணத்துக்கு, என் மேசையில் கணினியைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஆல்பத்தின் பாக்கியை முதலில் கேட்டு வாங்க வேண்டும்.