50,000 எம்ஏஎச் பவர் பேங்க்: கும்பகோணத்தில் எங்களுக்கு நடந்தது, வெளிநாடு கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

கும்பகோணம், வலங்கைமான், மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கத்தில் யாராவது வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு அவர்களுக்கும் அனுப்புங்கள். 50,000 எம்ஏஎச், 60,000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிற கையடக்க பவர் பேங்கை வாங்காதீர்கள். அதில் எழுதியிருப்பது உண்மையென்றால் அதை விமானத்தில் ஏற்றவே முடியாது. பொய்யென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. எப்படிப் பார்த்தாலும் காசு கொடுத்தவருக்குத்தான் நஷ்டம்.

என் தம்பிக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. திருச்சியிலிருந்து இரவு விமானம். கிளம்புவதற்கு முன் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைப் போல அவனும் கும்பகோணத்தில் ஒரு சுற்று சுற்றினான். கைலி, பருப்புப்பொடி, ஊறுகாய், கடைசியாக மொபைல் கடை. வெளிநாடு போகிறவர்கள் கையில் காசோடு, நேரமில்லாமல் வருவார்கள் என்பது பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளுக்கு நன்றாகத் தெரியும். பவர் பேங்கைத்தான் முன்னால் அடுக்கி வைத்திருப்பார்கள்.

நானும் கூடத்தான் போயிருந்தேன். "சிங்கப்பூரா தம்பி? அப்ப இதை எடுத்துக்குங்க. 50,000. ஒரு வாரத்துக்கு சார்ஜே போட வேணாம்" என்றார் கடைக்காரர். ஃப்ளைட்டில் விடுவார்களா என்று நான் தெளிவாகக் கேட்டேன். "எல்லாரும் இதைத்தான்க்கா கொண்டுபோறாங்க, நான் கேரண்டி" என்றார். 1,900 ரூபாய். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி சேர்த்தால் விலை கூடும் என்று சொல்லிவிட்டு, கடை முத்திரை குத்திய துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் பிறகு புகார் கொடுக்க முடிந்தது.

இரண்டாவது ஆள், டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர். டிக்கெட் காசுக்கு மேல் பெட்டி விஷயமெல்லாம் சொல்லித் தருவதற்கென்று தனியாகப் பணம் வாங்கியவர் அவர். "பவர் பேங்கைக் கையில வச்சிருந்தா கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. பெரிய பெட்டியில துணிக்கு நடுவுல சொருகிடுங்க" என்று சொல்லி அனுப்பினார். இதைவிடத் தவறான, ஆபத்தான யோசனை கிடையாது. பவர் பேங்கும், கருவியில் பொருத்தாத தனி லித்தியம் பேட்டரிகளும் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் இருக்கவே கூடாது. கைப்பையில் மட்டும்தான் இருக்க வேண்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு பயணிகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருச்சியில் செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண், "பெட்டியில பவர் பேங்க் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். தம்பி ஆமாம் என்றான். நைலான் கயிறு கட்டி, டேப் சுற்றி வைத்திருந்த பெட்டியை வரிசை ஓரமாக இழுத்துப்போட்டுப் பிரித்தான். அந்தப் பெண் பவர் பேங்கைத் திருப்பிப் பார்த்து, கால்குலேட்டரில் தட்டிவிட்டு, "சார், இது கையிலயும் போகாது. 185 வருது. 160க்கு மேல எடுக்கவே முடியாது" என்று பொறுமையாகச் சொன்னார். நாங்கள் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்ததால் அதைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினான். பெட்டியை மறுபடி கட்டி, வரிசையில் நின்று, இமிகிரேஷன் முடித்து, கடைசி ஆட்களில் ஒருவனாக ஏறினான். முதல் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இப்படி ஒரு பதற்றத்தைக் கொடுத்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த 185 எப்படி வந்தது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விமானத்தில் எம்ஏஎச் கணக்கு இல்லை, வாட் அவர் கணக்கு, அதாவது பேட்டரிக்குள் அடங்கும் மொத்த மின்னாற்றல். எம்ஏஎச் எண்ணை 1,000-ஆல் வகுத்து, வோல்ட்டால் பெருக்க வேண்டும். பவர் பேங்குக்குள் இருக்கிற செல்லின் வோல்ட் பெரும்பாலும் 3.7, அதைத்தான் எடுக்க வேண்டும், கேபிள் வழியாக வெளியே வரும் 5 வோல்ட்டை அல்ல. 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட் அவர். 20,000 என்றால் 74. 27,000 வரை 100-க்குள் அடங்கிவிடும். 100 வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் அதிகபட்சம் இரண்டு. 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுபோகவே முடியாது. 50,000 எம்ஏஎச் என்பது 185. அதாவது "ஃப்ளைட்டுக்கு கேரண்டி" என்று கடைக்காரர் விற்ற பொருள், அவர் ஒட்டிய லேபிளின்படியே ஃப்ளைட்டில் தடை செய்யப்பட்ட பொருள்.

திரும்பி வந்த கையோடு கடைக்குப் போனேன். "ஏர்போர்ட்ல விடலேன்னா அதுக்குக் கடை என்னக்கா பண்ணும்?" என்றார் முதலில். நான் நகரவில்லை. பிறகு மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். தாள் நிறைய ஸ்டிக்கர்கள். 10,000, 20,000, 30,000 என்று வரிசையாக அச்சடித்திருந்தது. "இந்த லேபிளைக் கிழிச்சிட்டு 20,000-ன்னு ஒட்டித் தர்றேன். அடுத்து யாராவது சிங்கப்பூர் போனா குடுத்து விடுங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கானவர்கள் ஏறும் விமானத்துக்குள் என்ன போகிறது என்பதை கும்பகோணத்தில் ஒரு டிராயரில் இருக்கும் ஸ்டிக்கர் தீர்மானிக்கிறது என்றால் அதை எப்படி விடுவது?

அங்கிருந்து நேராகப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போய்த் தராசில் வைத்தேன். கால் கிலோகூட இல்லை. இன்று கிடைக்கும் நல்ல தரமான லித்தியம் செல்களை வைத்துக் கட்டினாலும் 50,000 எம்ஏஎச்சுக்கு முக்கால் கிலோ சுற்றி வரும். 20,000 எம்ஏஎச் என்றாலே பெரும்பாலும் 300 கிராமைத் தாண்டும். உருளை வடிவ செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும். நல்ல செல் ஒன்றில் 3,000 எம்ஏஎச் சுற்றிதான் கொள்ளும். எந்தக் கடையிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம், பிரித்துப் பார்க்கவே வேண்டாம். தயவுசெய்து பிரிக்காதீர்கள், ஸ்க்ரூ டிரைவர் முனை செல்லைக் குத்தினால் அங்கேயே தீப்பிடிக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தியாவில் விற்கும் பவர் பேங்குக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் பிஐஎஸ் முத்திரையும், ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தைத் தொடர்ந்து 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். எங்களுக்கு விற்றதில் முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. வாட் அவரும் போடவில்லை. வாட் அவர் போடாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிட வாய்ப்பு அதிகம். கணக்குப் போட்டுச் சொல்ல எல்லா நேரமும் ஆள் கிடைக்காது.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்கு. லித்தியம் செல்லுக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மெல்லிய தடுப்புத் தாள் ஒன்று இருக்கிறது. மட்டமான தயாரிப்பாலோ, நசுங்கியோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறியோ அது கெட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும், அந்தச் சூட்டில் அடுத்த செல்லும் பற்றும். சரக்கு அறையில் ஹாலன் வாயு வைத்துத் தீயணைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அது சுவாலையை அடக்குமே தவிர, செல்லுக்குள் ஓடும் வினையை நிறுத்தாது. பயணிகள் பகுதியில் என்றால் உடனே கண்ணில் படும். பணியாளர்கள் தீயை அணைத்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். கைப்பை மட்டும்தான் என்ற விதியின் காரணம் இவ்வளவுதான். துணிக்கு நடுவே சொருகச் சொன்ன டிராவல்ஸ்காரர் எதைச் சொன்னார் என்று இப்போது புரியும்.

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. விமானத்தின் மேற்கூரையே எரிந்துபோனது. தரையில் நின்றதால் உள்ளே இருந்த 176 பேரும் இறங்கித் தப்பினார்கள். பவர் பேங்கின் உள் மின்காப்பு கெட்டது காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டு விசாரணை சொன்னது. அதன் பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், திருச்சிக்கு வரும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கால் போனுக்கு சார்ஜ் போடவும், பவர் பேங்குக்கு சார்ஜ் ஏற்றவும் தடை விதித்தன. துபாய் போகிறவர்களுக்கு: எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் 100 வாட் அவருக்குக் குறைந்த ஒன்றே ஒன்றைக் கொண்டுவர விடுகிறது, உள்ளே பயன்படுத்த விடுவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் மாற்றிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் முன் உங்கள் விமானத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிராவல்ஸ்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

வயலுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் டார்ச்சின் கழற்றக்கூடிய லித்தியம் செல்களும் இதே விதிக்குள் வரும். தனியாகக் கொண்டுபோனால் முனையில் டேப் ஒட்டி, தனித்தனி பிளாஸ்டிக் உறையில், கைப்பையில். சாவியோடும் சில்லறையோடும் உரசக் கூடாது. பேட்டரி உள்ளேயே பொருந்திய லேப்டாப், ட்ரிம்மர் போன்றவற்றைக் கையில் வைப்பதுதான் நல்லது; பெரிய பெட்டியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் முழுக்க அணைத்து, தானாக ஆன் ஆகாதபடி துணி சுற்றி வையுங்கள். விமான வாசலில் இடமில்லை என்று கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புவார்கள், அப்போது பவர் பேங்கை எடுத்துக்கொண்ட பிறகே பையைக் கொடுங்கள். போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தாதீர்கள், அதில் நசுங்கியே போன் பற்றியிருக்கிறது. பணியாளரைக் கூப்பிடுங்கள். எதுவும் உப்பினாலோ அளவுக்கு மீறிச் சுட்டாலோ வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் துண்டுச்சீட்டு, லேபிள் படம், தராசில் வைத்து எடுத்த படம் எல்லாவற்றையும் வைத்துப் புகார் பதிவு செய்தேன். பிஐஎஸ் கேர் செயலியிலும் பதிவு செய்திருக்கிறேன். புகார் போன பிறகு கடைக்காரர் ஆள் அனுப்பினார்: பணத்தைத் தந்துவிடுகிறேன், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்று. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதே பவர் பேங்குகள் கடை முகப்பில் இன்னும் தொங்குகின்றன. தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட்டால் போதும். டிராவல்ஸ்காரரையும் அதில் சேர்க்கிறேன்.

இதே மாதிரி வாங்கியவர்கள் இருந்தால் பெட்டியையும் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள், படம் எடுத்து நீங்களும் 1915-இல் பதிவு செய்யுங்கள். பொருளைச் சார்ஜ் போடாமல், வைக்கோல், துணி, கேஸ் அடுப்பு பக்கத்தில் இல்லாமல் தனியாக வையுங்கள். குப்பை வண்டியிலும் போட வேண்டாம், நசுங்கினால் வண்டியே எரியும்.