ஜிம் ஜேம்ஸ் ஆன கதை

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்' நாவலின் இறுதி அத்தியாயங்கள் எனக்கு எப்போதும் நெருடலாகவே இருந்திருக்கின்றன. தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்காவிட்டால் நரகம்தான் என்று நம்புகிற சிறுவன் ஹக், நரகத்துக்கே போகிறேன் என்று முடிவெடுத்து, காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போடும் இடம் அவ்வளவு உயரமானது. அதன்பின் வந்து சேரும் அவன் நண்பன் டாம் சாயரோ, ஜிம்மின் எசமானி தன் உயிலிலேயே அவனை விடுவித்துவிட்டதை அறிந்திருந்தும், வெறும் சாகச ஆசைக்காக அவனைக் கொட்டகையில் அடைபட்டுக் கிடக்க விடுகிறான். அங்கே ஜிம்மின் மனத்தில் என்ன ஓடியது என்று ட்வைன் சொல்லவில்லை.

1885இல் அமெரிக்காவில் வெளியான ஆண்டிலேயே கான்கார்டு நகர நூலகம் விலக்கிவைத்த இந்த நாவலைப் பின்னர் பலர் திரும்ப எழுதியிருக்கிறார்கள். நான்சி ரால்ஸ் 2005இல் ஜிம்மின் மனைவியைப் பேசவைத்தார். ஜான் கிளிஞ்ச் 2007இல் ஹக்கின் குடிகாரத் தந்தையை எடுத்துக்கொண்டார். ஜிம்மையே கதைசொல்லியாக்கிப் பெர்சிவல் எவரெட் எழுதிய 'ஜேம்ஸ்' 2024இல் வெளிவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசையும் பெற்றது. ட்வைனின் ஜிம்மை 'அவன்' என்று எழுதிவந்த என் கை, எவரெட்டின் ஜேம்ஸை 'அவர்' என்றே எழுதுகிறது.

தொடக்கத்திலேயே குடிசைக்குள் அடிமைக் குழந்தைகளுக்கு ஜேம்ஸ் மொழிப்பாடம் நடத்துகிறார். வெள்ளைக்காரி ஒருத்தியின் அடுப்படியில் தீப்பிடித்தால் எப்படிச் சொல்வது? 'தீ, தீ' என்று நேராகச் சொல்லிவிடக் கூடாது; ஆபத்துக்குப் பெயர் சூட்டுவதை வெள்ளையருக்கே விட்டுவிட்டு, 'ஐயோ அம்மா, அங்கே பாருங்க' என்று பதற மட்டுமே வேண்டும். தமக்குள் திருத்தமாகப் பேசும் மக்கள், உயிர் பிழைப்பதற்காகக் கொச்சையைப் பாடமாகக் கற்கும் இந்தக் காட்சியைப் படித்தபின், ட்வைனின் ஜிம் பேசும் ஒவ்வொரு வரியும் வேறாக ஒலிக்கிறது.

அடுத்து அந்தப் பென்சில். சக அடிமை ஒருவர் எசமானிடமிருந்து திருடித் தரும் சிறு பென்சில் துண்டைக் கொண்டு ஜேம்ஸ் தன் கதையை எழுதத் தொடங்குகிறார்; தந்தவர் அதற்காகத் தன் உயிரையே இழக்கிறார். அதன்பின் ஜேம்ஸ் ஓடும்போதும் ஆற்றில் விழும்போதும், பென்சில் தொலைந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பதைப்பாக இருந்தது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பிற்பகுதியில் ஜேம்ஸுக்கும் ஹக்குக்கும் இடையே எவரெட் ஓர் இரத்த உறவை வைக்கிறார். எந்த உறவும் இல்லாத ஒருவருக்காக ஒரு சிறுவன் நரகத்தையே ஏற்கத் துணிந்தான் என்பதுதான் மூலத்தின் மகத்துவம். உறவு வந்ததும் அந்தத் துணிவின் கனம் குறைந்துவிடுகிறது. கதையின் வேகத்தில் இதைப் பலர் பொருட்படுத்தாமல் போகலாம்; என்னால் முடியவில்லை.

'ஜேம்ஸ்' தனித்தும் நிற்கக்கூடிய நூல்தான். ஆயினும் ட்வைனை முதலில் படித்துவிடுங்கள். குறைந்தது, பனிமூட்டத்தில் பிரிந்து மீண்டும் சேர்ந்தபின் ஹக் ஜிம்மிடம் மன்னிப்புக் கேட்கும் 15ஆம் அத்தியாயத்தையாவது.