காசு கொடுத்தால் வரிசை குறையுமா? டிஸ்னி வேர்ல்டின் லைட்னிங் லேன்

ஃப்ளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் கிளம்புகிறவர்கள் எந்த ரைடு நன்றாக இருக்கும் என்று கேட்பது குறைந்துவிட்டது. தனியாகக் காசு கொடுத்து நீண்ட வரிசையைத் தவிர்க்கும் லைட்னிங் லேன் வாங்கலாமா, வேண்டாமா என்பதுதான் இப்போது முதல் கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அங்குள்ள நான்கு பூங்காக்களில், மேஜிக் கிங்டமில் ஒரு முழு நாள் இருக்கப்போகிறவர்கள் வாங்கலாம். ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ‘ஸ்லிங்கி டாக் டேஷ்’ ரைடு கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காவிட்டால் யோசிக்க வேண்டும். எப்காட்டில் கூட்ட நாளாக இருந்தால் மட்டும். அனிமல் கிங்டமில் தேவையே இல்லை.

இந்த வசதியை 1999இல் டிஸ்னி ‘ஃபாஸ்ட்பாஸ்’ என்று ஆரம்பித்தபோது அது ஒரு காகிதச் சீட்டு. ரைடு வாசலில் இருக்கும் இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால், இத்தனை மணிக்குத் திரும்பி வா என்று அச்சடித்துத் தரும். காசு கிடையாது. 2013-14இல் அது ‘ஃபாஸ்ட்பாஸ் பிளஸ்’ ஆகி ஆப்புக்குள் போனது. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் 60 நாள் முன்பும், மற்றவர்கள் 30 நாள் முன்பும் மூன்று ரைடுகளைப் பதிவு செய்யலாம். அதற்கும் காசு இல்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பூங்காக்கள் மூடப்பட்டன. ஜூலையில் திறந்தபோது இந்த வசதி திரும்பவில்லை. 2021 அக்டோபர் 19 அன்று ‘ஜீனி பிளஸ்’ வந்தது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர், வரி தனி. பிறகு நாளுக்கு ஒரு விலை, பூங்காவுக்கு ஒரு விலை என்று ஏறி, 2023 டிசம்பர் விடுமுறையில் மேஜிக் கிங்டமில் 39 டாலரைத் தொட்டது.

ஜீனி பிளஸ் மேல் இருந்த பெரிய எரிச்சல் விலைகூட இல்லை, காலை ஏழு மணி. போகிற அன்று காலை ஏழுக்குத்தான் பதிவு திறக்கும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரைடு. விடுமுறைக்குப் போன இடத்தில் தினமும் அலாரம் வைத்து எழுந்து ஃபோனைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

2024 ஜூலை 24 முதல் நடப்பில் இருப்பது ‘லைட்னிங் லேன் மல்டி பாஸ்’. முன்பதிவு மறுபடியும் வந்துவிட்டது. டிஸ்னி ஹோட்டல் விருந்தினர்களுக்கு, தங்க வருகிற நாளுக்கு 7 நாள் முன்பு பதிவு திறக்கும். அந்த ஒரே காலையில் 14 நாள் வரையிலான தங்கல் முழுவதற்கும் பதிவு செய்துகொள்ளலாம். வெளியில் தங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு பூங்கா நாளுக்கும் 3 நாள் முன்புதான். இரண்டுமே அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி காலை 7 மணி. இந்தியாவிலிருந்து பதிவு செய்தால் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை மாலை 4.30, மற்ற மாதங்களில் மாலை 5.30. கடிகாரம் மாறும் வாரத்தில் பயணம் இருந்தால் நேரத்தை இரண்டு முறை சரிபாருங்கள்.

பதிவு நாளுக்கு முன்பே முடித்துவைக்க வேண்டியவை சில உண்டு. ‘மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்’ ஆப்பில் குடும்பத்தில் எல்லோருடைய பூங்கா டிக்கெட்டும் ஒரே கணக்கில் இணைந்திருக்க வேண்டும். பாட்டியின் டிக்கெட் மட்டும் மாமா கணக்கில் தனியாகக் கிடந்தால், ஏழு மணிக்கு அவர் பெயர் பட்டியலில் வராது. 3 வயது நிறையாத குழந்தைகளுக்கு டிக்கெட்டும் வேண்டாம், பாஸும் வேண்டாம். இந்திய வங்கி அட்டையாக இருந்தால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் இயக்கிவைத்து, வரம்பையும் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிக்குப் பிறகு இது அட்டைக்காரரே திறந்துகொள்ள வேண்டிய ஒன்று. பணம் கட்டும் கட்டத்தில் அட்டை மறுக்கப்பட்டால், பிடித்துவைத்த நேரமும் கையைவிட்டுப் போகும்.

ஏழு மணிக்கு ஆப்பில் செய்வது இதுதான்: ஆட்களைத் தேர்ந்தெடுங்கள், தேதியும் பூங்காவும் குறியுங்கள், மூன்று ரைடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஆப் அதுவாகவே மூன்று நேரங்களைத் தரும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேர அவகாசம். நேரம் பிடிக்கவில்லை என்று அங்கேயே நின்று மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். வந்ததை வாங்கிக் காசைக் கட்டிவிட்டு, பிறகு நிதானமாக மாற்றுங்கள். கையில் இருப்பதை விடாமலே வேறு நேரம் தேட ஆப்பில் வழி இருக்கிறது. ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்க முடியாது.

எந்த மூன்று என்பதில்தான் சிக்கல். அனிமல் கிங்டம் தவிர்த்த மூன்று பூங்காக்களிலும் ரைடுகளை இரண்டு அடுக்காகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். முதல் அடுக்கிலிருந்து ஒன்று, இரண்டாம் அடுக்கிலிருந்து இரண்டு. மல்டி பாஸில் கூட்டம் மொய்க்கும் ரைடுகள் பெரும்பாலும் முதல் அடுக்கில்தான். மேஜிக் கிங்டமில் ‘பீட்டர் பான்ஸ் ஃப்ளைட்’, ‘ஜங்கிள் க்ரூஸ்’, ‘டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்’. ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ஸ்லிங்கி, ‘மில்லேனியம் ஃபால்கன்’, மிக்கி-மின்னி ரயில். அடுக்குப் பட்டியல் அவ்வப்போது மாறும், பதிவுக்கு முந்தைய நாள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியில் தங்குகிறவர்களின் குறை இங்கேதான் தொடங்குகிறது, அது நியாயமான குறையும்கூட. மூன்று நாள் முன்பு அவர்களுக்குக் கதவு திறக்கும்போது ஸ்லிங்கிக்கு இடம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குள்ளேயே எல்லோரும் சமம் இல்லை. ஐந்து நாள் தங்குகிறவர் முதல் நாளுக்கு 7 நாள் முன்பு பதிவு செய்கிறார் என்றால், ஐந்தாம் நாளுக்கு 11 நாள் முன்பே பதிவு செய்கிறார் என்று கணக்கு. அன்றைய இடங்களுக்குப் போட்டி அப்போது குறைவு. ஆகவே ஹாலிவுட் ஸ்டூடியோஸைப் பயணத்தின் கடைசிப் பக்கம் வையுங்கள். கூட்டம் குறைந்த பூங்காவை முதல் நாளுக்குத் தள்ளலாம். இந்த ஒரு மாற்றம் பதற்றமான அந்த நிமிடத்தில் விரல் வேகத்தைவிட அதிகம் உதவும்.

அடுத்தது, பாஸை உருட்டுவது. பூங்காவுக்குள் போய் மூன்றில் ஒன்றைப் பயன்படுத்திய கணமே நான்காவதைப் பதிவு செய்யலாம். இப்படியே ஒவ்வொன்றாக இரவு வரை. நான்காவதிலிருந்து அடுக்குக் கட்டுப்பாடு கிடையாது, முதல் அடுக்கு ரைடு எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே நாளில் பல பூங்காக்களுக்குப் போக விடும் ‘பார்க் ஹாப்பர்’ டிக்கெட் இருந்தால் வேறு பூங்காவிலும் எடுக்கலாம். ஆனால் ஒரே ரைடை ஒரே நாளில் இரண்டாம் முறை எடுக்க முடியாது. ஆகவே முதல் மூன்றில் ஒன்று காலையிலேயே, பூங்கா திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அது சுமாரான ரைடாக இருந்தாலும் பரவாயில்லை, அது பூட்டைத் திறக்கிற சாவி. மூன்றும் மாலை நான்கு, ஆறு, எட்டு என்று விழுந்துவிட்டால், நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ‘காசு கொடுத்தும் மூன்று ரைடுதான் போனோம்’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான்.

ரைடு வாசலில் என்ன நடக்கிறது? நுழையும் இடத்தில் மிக்கி தலை வடிவில் ஒரு கருவி நிற்கும். டிக்கெட் இருக்கும் ஃபோனையோ கைப்பட்டையையோ அட்டையையோ அதில் வைத்தால் சுற்றி வளையம் பச்சையாக ஒளிரும். நீலம் வந்தால் ஏதோ பொருந்தவில்லை, பக்கத்தில் டேப்லெட்டோடு நிற்கும் ஊழியர் பார்த்துச் சொல்வார். பெரும்பாலும் நேரம் தவறியதாக இருக்கும். ஐந்து நிமிடம் முன்பாகவும் கால் மணி நேரம் தாமதமாகவும் வந்தால் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது பழக்கம்தான், எழுதிவைத்த உரிமை இல்லை.

உள்ளே போனால் இரண்டு வரிசையும் ஒன்றாகச் சேரும் ஒரு முனை வரும். காசு கொடுக்காத ஸ்டாண்ட்பை வரிசை நகர்வதும் நிற்பதும் அந்த முனையில் நிற்கும் ஊழியர் கையில். அவர் கையைக் காட்டி லைட்னிங் லேன் ஆட்களைக் கொத்தாக உள்ளே விட்டுவிட்டு, ஸ்டாண்ட்பையிலிருந்து ஒரு சிறு கூட்டத்தை விடுவார். ஒரு பேச்சுக்கு, மணிக்கு 1,000 பேரை ஏற்றும் ரைடில் 700 இடம் பாஸ்காரர்களுக்குப் போனால், ஸ்டாண்ட்பைக்கு மிஞ்சுவது 300. உங்களுக்கு முன்னால் 600 பேர் நின்றால் இரண்டு மணி நேரம். பாஸே இல்லாத பூங்காவாக இருந்தால் அதே 600 பேருக்கு 36 நிமிடம் போதும். எல்லோருக்கும் சேர்த்து வரிசை குறைவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இடம் மாறுகிறது. பீட்டர் பான் மாதிரி ஒரு கப்பலுக்கு ஒரே இருக்கை வரிசை உள்ள ரைடுகளில் இது உறைக்கும். ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ போலப் பெரிய படகில் வரிசை வரிசையாக ஏற்றும் ரைடில் ஸ்டாண்ட்பையே வேகமாக நகரும், பாஸை அதில் வீணாக்கத் தேவையில்லை.

ரைடு பழுதானால்? உங்கள் நேரத்தில் ரைடு நின்றிருந்தால் அந்தப் பாஸ் தானாகவே பொதுப் பாஸாக மாறும். குறிப்பிட்ட ரைடுகள் எதிலாவது, நேரக் கட்டுப்பாடு இல்லாமல், அன்று இரவுக்குள் பயன்படுத்தலாம். பலர் இதைக் கவனிக்காமல் பழுதான ரைடின் வாசலிலேயே காத்துக் கிடக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் கோடை மாதப் பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை அடிக்கடி வரும். மின்னல் அருகில் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஸ்லிங்கியும், வெளிப்புறப் பாதை உள்ள எப்காட் ‘டெஸ்ட் டிராக்’கும் இந்தக் கணக்கில் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் திறந்தவெளி ரைடுகளுக்கு முற்பகல் நேரத்தையே பிடியுங்கள், கூரை உள்ளவற்றைப் பிற்பகலுக்கு விடுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் உயரத்தைப் பார்க்காமல் வாங்கிவிட்டு வாசலில் சங்கடப்படுகிறார்கள். ஸ்லிங்கிக்கு 97 செ.மீ., டியானாவுக்கு 102, ‘ஸ்பேஸ் மவுண்டன்’ 112, ‘டிரான்’ 122. வாசலில் கோல் வைத்து அளப்பார்கள், கெஞ்சிப் பயனில்லை. உயரம் போதாத குழந்தையோடு ஒரு பெரியவர் வெளியே நிற்க, மற்றவர் போய்வந்ததும் இவர் காத்திருக்காமல் ஏறும் ‘ரைடர் ஸ்விட்ச்’ வசதி உண்டு. அதற்குத் தனிக் காசு இல்லை. முதல் ஆள் உள்ளே போகும் முன்பே வாசல் ஊழியரிடம் கேட்க வேண்டும்.

அனிமல் கிங்டமில் வேண்டாம் என்றதற்குக் காரணம், அங்கே நீண்ட வரிசை நிற்கும் ‘அவதார் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ்’ மல்டி பாஸிலேயே இல்லை. அதற்குத் தனியாக ‘சிங்கிள் பாஸ்’ வாங்க வேண்டும். மேஜிக் கிங்டமில் டிரான், எப்காட்டில் ‘கார்டியன்ஸ்’, ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ‘ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்’ ஆகியவையும் அப்படித்தான். ஒருவர் ஒரு நாளில் அதிகபட்சம் இரண்டு சிங்கிள் பாஸ் வாங்கலாம். மல்டி பாஸ் இல்லாமல் சிங்கிள் மட்டும் வாங்கத் தடை இல்லை. அனிமல் கிங்டமில் அதுவே போதும்.

குடும்பக் கணக்கு போட்டுப் பார்த்துவிடுங்கள். மல்டி பாஸ் 30 டாலர் என்று வைத்தால் நால்வருக்கு 120, அங்குள்ள 6.5% விற்பனை வரியோடு 127.80 டாலர். இது நுழைவு டிக்கெட்டுக்கு மேல், ஒரே ஒரு நாளைக்கு. அன்று ஐந்து ரைடுக்குக் கீழேதான் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் எங்கள் பார்வையில் அது நஷ்டம்.

2024 அக்டோபர் 30 அன்று வந்த ‘பிரீமியர் பாஸ்’ பற்றிப் பலருக்கு ஆத்திரம்தான். இதை வாங்கினால், வாங்கிய பூங்காவின் ஒவ்வொரு லைட்னிங் லேனிலும் ஒரு முறை, எந்த நேரமும் குறிக்காமல் நுழையலாம். அறிமுக விலை ஒருவருக்கு அனிமல் கிங்டமில் 129 டாலரில் தொடங்கி, மேஜிக் கிங்டமில் 449 வரை போனது. வேலை செய்கிறதா என்றால் அருமையாகவே செய்கிறது. ஆனால் நால்வர் குடும்பத்துக்கு மேஜிக் கிங்டமில் ஒரு நாள் வரிசை தவிர்க்க ஆயிரத்து எழுநூறு டாலருக்கும் மேல் போகலாம்.

இன்னொரு பிரிவினரின் வருத்தம் விலை பற்றியதே அல்ல. நீண்ட வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இலவசமாக இதே வழியைத் திறந்துவிடும் ‘டாஸ்’ என்ற மாற்றுத்திறனாளி வசதியை 2024 மே 20 முதல் சுருக்கிவிட்டார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே முதன்மையாக என்று ஆகிவிட்டது. முன்பு இதைப் பெற்று, இப்போது வீடியோ நேர்காணலில் மறுக்கப்படுகிறவர்களுக்கு மல்டி பாஸ் ஆடம்பரமாகத் தெரிவதில்லை, கட்டியே ஆக வேண்டிய கட்டணமாகத் தெரிகிறது. அவர்கள் கோபத்தில் தவறு காண முடியவில்லை.

எதுவும் வாங்காமல் போகிறவர்களுக்கும் வழி உண்டு. டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் தினமும் அரை மணி நேரம் முன்பே நுழையலாம், அந்த அரை மணியில் லைட்னிங் லேன் திறந்திருக்காது, பீட்டர் பானை அப்போதே முடித்துவிடுங்கள். நடுப்பகலை நிகழ்ச்சிகளுக்கும் சாப்பாட்டுக்கும் விட்டுவிட்டு, பெரிய ரைடு ஒன்றை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசையில் நுழைந்தாலும் ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த நேரத்தில் பலகையில் 60 நிமிடம் என்று போட்டிருந்தாலும் நம்பிப் பின்வாங்காதீர்கள், உள்ளே நிற்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு.