ஜாமீன் என்ற ஒரு சொல்லும் தமிழ் லெக்சிகனும்

வழக்குக் கட்டுகளைத் தமிழாக்குவது என் அன்றாட வேலை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் கட்டணமின்றிப் பார்க்க முடிவதால், அது நாள் முழுவதும் என் கணினியில் திறந்தே இருக்கும். சட்டச் சொற்களுக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை ஜாமீன் என்ற ஒரு சொல்லை வைத்தே சொல்லிவிடலாம்.

சில மாதங்களுக்கு முன் நீதிமன்ற வளாகத்தில் ஓர் அம்மாள், "ஜாமீன் கிடைச்சிடுச்சுன்னு வக்கீல் சொல்லி நாலு நாளாச்சு, பிள்ளைய ஏன் இன்னும் விடல?" என்று கேட்டார். கையில் சுருட்டி வைத்திருந்த உத்தரவு நகலை வாங்கிப் பார்த்தேன். பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைமுறியும் (தானே எழுதித் தரும் உறுதிப் பத்திரம்), அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த இரண்டு நபர்கள்தான் இன்னும் வரவில்லை.

அவருடைய குழப்பத்துக்கான விடை சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. அரபியில் 'ளாமின்' என்பது இன்னொருவருக்காகப் பொறுப்பேற்கும் ஆளைக் குறிக்கும். பாரசீகத்திலும் உருதிலும் 'ஸாமின்' என்று ஒலித்த அதுவே நம்மிடம் ஜாமீன் ஆயிற்று. ஆளைக் குறித்த அந்தச் சொல், நாளடைவில் சிறையிலிருந்து வெளிவரும் அனுமதியைக் குறிக்கத் தொடங்கியதும், பொறுப்பேற்பவருக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டு, ஆள் பெயரோடு மறுபடியும் ஒரு விகுதியை ஒட்டி 'ஜாமீன்தார்' என்றோம். ஆனால் 'ஜாமீன் நிற்கிறார்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த வழக்கில் பழைய மனிதர் அப்படியே நிற்கிறார். 'ஜாமீனில் வந்தார்' என்று செய்தித்தாள் எழுதும்போது அவர் கண்ணில் படுவதில்லை.

உச்ச நீதிமன்றமே 1978-இல் இந்தப் பொருள்மயக்கத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஏழைக் கொத்தனாரான மோதிராமுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட நடுவர் (மாஜிஸ்திரேட்), மோதிராமின் சகோதரருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதைக் காட்டி அந்தச் சகோதரரை ஜாமீன்தாராக ஏற்க மறுத்தார். அவ்வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஆள் ஜாமீன் இல்லாமல் சொந்தப் பிணைமுறியில் விடுவிப்பதும் ஜாமீனைக் குறிக்கும் 'பெயில்' என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லுக்குள் அடங்கும் என்று விளக்கினார். 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அச்சொல்லுக்கு வரையறையே இருக்கவில்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில்தான் அது இடம்பெற்றது.

லெக்சிகனின் பெரிய பலம், கடன் சொற்களை ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டு, அவை எந்த மொழியிலிருந்து வந்தவை என்பதையும் ஆங்கிலப் பொருளையும் தமிழ்ப் பொருளையும் ஒரே பதிவில் தருவது. எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த அந்த உழைப்பை நான் தினமும் நன்றியோடு பயன்படுத்துகிறேன். மொழிக்குறிப்புகள் சுருக்கெழுத்தில் இருப்பதால், புதிதாக வருபவர் முதலில் சுருக்க அட்டவணையைப் படித்துக்கொள்வது நல்லது.

குறை அதன் வயதில் இருக்கிறது. கைதாகும் முன்பே பெறும் முன்ஜாமீன் என்ற ஏற்பாடே 1973-இன் சட்டத்தோடு வந்தது. 1936-இல் முடிந்த அகராதியில் அதைத் தேடிப் பயனில்லை. மேலும் வேர் எந்த மொழி என்று காட்டுவதோடு அது நின்றுவிடும். ஆள் எப்போது அனுமதியாக மாறினார் என்ற கதையை நாமேதான் கோத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் சட்டம் எழுதுகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பக்கத்தில் இன்றைய சட்டச் சொல்லகராதி ஒன்றும் இருக்கட்டும். அந்த அம்மாளிடம் நான் எந்த அகராதியையும் பற்றிப் பேசவில்லை. "ஜாமீன் நிக்க ரெண்டு பேர் வேணும்மா" என்றேன். உடனே புரிந்துகொண்டு, ஊரில் இருக்கும் தம்பிக்கு அங்கிருந்தே போன் செய்தார்.