பள்ளிக்கு நெட்டா, நூலகத்துக்கு நெட்டா?

சென்னையில் இணைய வசதிக்குப் பணம் செலவழிப்பதென்றால் முதலில் அரசுப் பள்ளிகளுக்கா, பொது நூலகங்களுக்கா? சென்னை அரசுப் பள்ளிகளின் இணையச் செலவுக்குக் கைகொடுக்கும் நிதிகளில் ஒன்று, பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசுத் திட்டமான சமக்ர சிக்‌ஷா. ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேசியக் கல்விக் கொள்கைச் சண்டையில் 2024-25க்கான ஒன்றியப் பங்கு நின்றுபோய், 2025இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நூலகத்துக்கு டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சொத்து வரியோடு நாம் கட்டும் 10 சதவீத நூலக வரி இருக்கிறது. மாநகராட்சி வசூலித்து ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான் (அதுவே பெரிய விஷயம்!).

பள்ளியின் கணினி லேப், மணி அடித்ததும் பூட்டப்படும். எழும்பூர் கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலோ மாலையிலும் உட்காரலாம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இடமுண்டு. அதனால் என் ஓட்டு நூலகத்துக்கே. சரி, தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் விதிவிலக்கு: சின்னப் பிள்ளைகள் தனியாக நூலகம் போக முடியாது.